எண்ணும் எழுத்தும் தாளில் ஏறும் வகை

(நம் சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)



இன்னிசையும் நாடகமும் காத்திருக்கும் இம்மாலையில், கணிப்பொறியைப் பற்றிச் சிறிது நேரம் பேசுமாறு என்னைப் பணித்திருக்கின்றனர். கணிப்பொறி எவ்வாறு கணக்கிடுகிறது என்னும் பெரும்பொருளுள் நான் புகவில்லை. கணக்கிட்டு முடித்த விடையை அது எவ்வாறு தாளில் எழுதிக் காட்டுகிறது என்னும் ஒன்றையே எடுத்துக்கொள்கிறேன். கேட்பதற்குச் சிறிய பொருளாகத் தோன்றும். ஆயினும் நம் சம்பளச் சீட்டும், மின்கட்டணச் சீட்டும், வங்கிக் கணக்கும், பயணச் சீட்டும், பிள்ளைகளின் மதிப்பெண் பட்டியலும் இந்த வாயில் வழியாகவே நம் கைக்கு வந்து சேர்கின்றன. உள்ளே கணக்கு முற்றும் சரியாக இருந்தாலும், வாயிலில் பிழை நேருமாயின், நம் கண்ணுக்குத் தெரிவது பிழையே.

பொறியின் உள்ளே ஓர் எண்ணுக்கு உருவம் இல்லை. ஆயிரத்து இருநூற்று ஐம்பது ரூபாய் ஐம்பது பைசா என்னும் தொகை அங்கே மின்னிலைகளின் வரிசையாகக் கிடக்கிறது. அதற்குக் காற்புள்ளி இல்லை. ரூபாய்க் குறி இல்லை. இடம் வலம் இல்லை. அதைத் தாளில் ஏற்றும்போதுதான் கேள்விகள் எழுகின்றன. எத்தனை இலக்கங்கள் வரலாம்? புள்ளிக்குப் பின் எத்தனை? முன்னால் வெற்றிடம் விடுவதா, சுழியம் இடுவதா? இக்கேள்விகளுக்கெல்லாம் நிரல் எழுதுபவர் முன்கூட்டியே விடை எழுதி வைக்க வேண்டும். அதனையே வடிவக் கட்டளை என்கிறோம்.

ஆண்டுதோறும் நம் பொருளாளர் அளிக்கும் வரவு செலவு அறிக்கையை நினைத்துப் பாருங்கள். பெயர்கள் இடப்பக்கம் ஒட்டி நிற்கும். தொகைகள் வலப்பக்கம் ஒட்டி நிற்கும். புள்ளியின் கீழ்ப் புள்ளி, ஒன்றின் கீழ் ஒன்று, பத்தின் கீழ்ப் பத்து. அவ்வாறு நின்றால்தான் கண் ஒரே பார்வையில் பெரிய தொகையையும் சிறிய தொகையையும் பிரித்தறியும். நம் வீட்டு வாயிலில் தாய்மார் முதலில் புள்ளி வைத்து, பின்னரே இழை இழுத்துக் கோலமிடுகின்றனர் அல்லவா? வடிவக் கட்டளை புள்ளி. பின்னர் வந்து நிரம்பும் எண்ணும் எழுத்தும் இழை.

மூன்று மொழிகள்

இக்கலையின் வரலாற்றை மூன்று மொழிகளைக் கொண்டு சுருங்கச் சொல்லலாம்.

முதலாவது ஃபோர்ட்ரான். ஐ.பி.எம். நிறுவனத்தில் ஜான் பேக்கஸ் என்பாரின் தலைமையில் ஒரு சிறு குழுவினர் ஆக்கி, 1957-இல் வெளிவந்த மொழி இது. நம் நாட்டில் கான்பூர் தொழில்நுட்பக் கழகத்திற்கு 1963-இல் ஐ.பி.எம். 1620 பொறி வந்தபோது, மாணவர் அங்குப் பயின்றதும் இம்மொழியே. இதில் வடிவத்திற்கெனத் தனிக் கட்டளை உண்டு. ‘எஃப் 10.2’ என்று எழுதினால், மொத்தம் 10 இடங்கள், அவற்றுள் புள்ளிக்குப் பின் 2 இலக்கங்கள் என்பது பொருள். அதே 1957-இல், ஏப்ரல் முதல் நாளன்று, நம் நாட்டில் நயா பைசா வந்தது. அதற்கு முன் ரூபாய்க்கு 16 அணா, அணாவுக்கு 12 பை என்று மூன்று பத்திகள் வேண்டியிருந்தன. நூறு பைசாக் கணக்கு வந்தபின் ஒரே புள்ளியில் தொகை அடங்கியது.

அக்காலத்து அச்சுப்பொறியில் ஒரு விந்தையும் உண்டு. ஒவ்வொரு வரியின் முதல் இடத்தில் நிற்கும் குறி தாளில் அச்சாகாது. தாளை எவ்வளவு நகர்த்துவது என்று பொறிக்கு ஆணையிடும். வெற்றிடமாயின் ஒரு வரி நகரும். சுழியமாயின் இரண்டு வரி. 1 என்னும் எண்ணாயின் புதிய பக்கத்திற்கே தாவும். இதை மறந்து முதல் இடத்திலிருந்தே எண்களை எழுதத் தொடங்கியவரின் கதி என்ன? முதல் இலக்கம் காணாமற்போகும். அவ்விலக்கம் 1 ஆக இருந்தால், வரிக்கு ஒரு பக்கமாகத் தாள் பாய்ந்தோடும்!

சொற்களை அச்சிடுவதற்கும் அன்று ஒரு தொல்லை இருந்தது. எழுதவேண்டிய சொல்லுக்கு முன் அதில் எத்தனை எழுத்துகள் என்று எண்ணி எழுதி, ‘எச்’ என்னும் எழுத்தை இட வேண்டும். துளையட்டைப் பொறியை ஆக்கிய ஹெர்மன் ஹாலரித் என்பாரின் பெயர்முதல் எழுத்து அது. வெற்றிடத்தையும் சேர்த்து எண்ண வேண்டும். ஒன்று கூட்டியோ குறைத்தோ எண்ணினால் கட்டளையே குலையும். பின்னர் மேற்கோள் குறிகளுக்கிடையே சொல்லை எழுதும் வழக்கம் வந்து இத்தொல்லை நீங்கியது. ஆனால் எழுத்தை எண்ணும் சிக்கல் தமிழுக்கு இன்னும் நீங்கவில்லை. அதனைப் பின்னர்ச் சொல்வேன்.

இரண்டாவது மொழியின் பெயர் கோபால். நம் வீட்டுக் கோபாலன் அல்லன். வணிகக் கணக்குக்கெனப் பலர் கூடி வகுத்து 1960-இல் வெளியிட்ட மொழி. இதில் எண்ணின் படத்தையே வரைந்து காட்ட வேண்டும். ‘இசட்’ என்னும் எழுத்தை இட்டால், அவ்விடத்தில் முன்னிற்கும் வெறுஞ்சுழியம் மறைந்து வெற்றிடமாகும். 9 என்று இட்டால் அங்கே இலக்கம் கட்டாயம் நிற்கும். உடுக்குறியை இட்டால், தொகைக்கு முன்னுள்ள வெற்றிடமெல்லாம் உடுக்குறிகளால் நிரம்பும். காசோலையில் எவரும் தொகைக்கு முன்னால் ஓர் இலக்கத்தைச் செருகிவிடாதபடி காக்கும் ஏற்பாடு அது. காற்புள்ளியையும் நாம் வேண்டிய இடத்தில் வரையலாம்.

மூன்றாவது, பெல் ஆய்வுக்கூடத்தில் டென்னிஸ் ரிச்சி 1972-ஐ ஒட்டி ஆக்கிய ‘சி’ என்னும் மொழி. இதில் அச்சிடும் கட்டளையின் பெயர் ‘பிரின்ட் எஃப்’. இறுதியில் நிற்கும் ‘எஃப்’ வடிவமைத்து என்னும் பொருள் தருவது. இங்கே வடிவத்தை ஒரு வாக்கியமாகவே எழுதலாம். மதிப்பு வரவேண்டிய இடத்தில் விழுக்காட்டுக் குறியை இட்டு, அதன்பின் முழு எண்ணாயின் ‘டி’, புள்ளியெண்ணாயின் ‘எஃப்’, சொல்லாயின் ‘எஸ்’ என்று எழுதினால் போதும். இடைநடுவே இடங்களின் எண்ணிக்கையைக் குறிக்கலாம். கழித்தல் குறி இட்டால் இடப்பக்கம் ஒட்டி நிற்கும். இம்முறை பின்வந்த மொழிகள் பலவற்றிற்கு முன்மாதிரியாயிற்று. 2004-இல் ஜாவாவும் இதனை ஏற்றுக்கொண்டது.

ஒரு கோடி வந்தபோது

இனி இவ்வுரையின் நடுப்பொருளுக்கு வருகிறேன். கட்டம் சிறியது, வரும் தொகை பெரியது என்றால் என்ன செய்வது?

மொத்தம் 10 இடம், புள்ளிக்குப் பின் 2 என்று வைத்துக்கொள்வோம். அதிற் கொள்ளும் பெருந்தொகை 99,99,999 ரூபாய் 99 பைசா. காற்புள்ளி இடாது எழுதினால் சரியாகப் பத்து இடம். இப்பொழுது ஒரு கோடியே இருபத்தைந்து இலட்சத்து நாற்பதாயிரம் ரூபாய் வருகிறது. பதினோர் இடம் வேண்டும். மூன்று மொழிகளும் மூன்று விதமாக நடந்துகொள்கின்றன.

1977-ஆம் ஆண்டின் பெயரால் வழங்கும் ஃபோர்ட்ரான் தரவிதியின்படி, அப்பத்து இடங்களிலும் உடுக்குறிகளே நிற்கும். எண் தெரியாது. ‘இத்தொகை இக்கட்டத்தில் அடங்கவில்லை, நான் பொய் எழுத மாட்டேன்’ என்று பொறி சொல்வது போன்றது அது.

சி மொழி தொகையை முழுமையாக எழுதிவிடும். கட்டத்தை உடைத்துக்கொண்டு ஓர் இடம் கூடுதலாக நிற்கும். அந்த வரி முழுவதும் ஓரிடம் வலப்பக்கம் தள்ளும். பத்தி கோணும்; உண்மை கோணாது.

கோபால் மொழியில், ஏழு இலக்கத்திற்குப் படம் வரைந்த இடத்தில் அத்தொகையை அப்படியே பெயர்த்து வைத்தால், இடப்பக்கத்து மேலிலக்கம் வெட்டுண்டு போகும். தாளில் 25,40,000.00 என்று அழகாக, நேராக, ஐயத்திற்கு இடமின்றி அச்சாகும். ஒரு கோடி ரூபாயைக் காணோம்! கணக்கிடும் கட்டளைகளில் ‘அளவு மீறினால் அறிவி’ என்று சேர்த்தெழுதும் வசதி அம்மொழியில் உண்டு. எழுதாதவர்க்கு எச்சரிக்கை இல்லை.

அன்பர்களே! இம்மூன்றினுள் எது நல்லது? பார்வைக்கு மிக ஒழுங்கானது மூன்றாவது, அஞ்சத்தக்கதும் அதுவே. அழகு கெட்டாலும் உண்மை தெரிய வேண்டும். உண்மையைத் தெரிவிக்க இயலாவிடில் இயலவில்லை என்பதாவது தெரிய வேண்டும். நேர்த்தியான பொய்யைக் காட்டிலும் வெளிப்படையான உடுக்குறி மேலானது. அச்சிடும் கலையில் நான் முதல் நெறியாகக் கொள்வது இதனையே.

இடத்தைச் சிக்கனம் செய்யப் போய் உலகம் முழுதும் சிரித்த ஒரு நிகழ்ச்சியும் உண்டு. சி மொழியில் ஆண்டைக் கேட்டால், 1900-க்குப் பின் எத்தனை ஆண்டுகள் சென்றன என்னும் எண்ணே கிடைக்கும். 1999-இல் அது 99. பலர் 19 என்பதைத் தாமே எழுதி, அதனருகில் அவ்வெண்ணை ஒட்டி வைத்தனர். 2000-ஆம் ஆண்டின் முதல் நாளில் அவ்வெண் 100 ஆயிற்று. இணையப் பக்கங்கள் பலவற்றில் ஆண்டு 19100 என்று தோன்றியது! பொறியின் கணக்கில் பிழையில்லை. ஒட்டிய கையில் பிழை.

காற்புள்ளியும் பைசாவும்

நாம் 12,34,567 என்று எழுதுகிறோம்: பன்னிரண்டு இலட்சத்து முப்பத்து நாலாயிரத்து ஐந்நூற்று அறுபத்தேழு. மேனாட்டார் 1,234,567 என்று மூன்று மூன்றாகப் பிரிப்பர். கோபால் மொழியில் படம் வரைபவர் நாமே ஆதலால், இலட்சத்திற்கும் கோடிக்கும் உரிய இடங்களில் காற்புள்ளி வைத்துக்கொள்ளத் தடையில்லை. பிற்காலத்தில் வேலையை எளிதாக்குவதாகக் கருதிக் காற்புள்ளியை மொழியே இடுமாறு செய்தனர். பைதான் மொழியின் 3.1 பதிப்பில், 2009-இல், அவ்வசதி வந்தது. ஆனால் அது மூன்று மூன்றாக மட்டுமே பிரிக்கும். பழைய கருவியில் இருந்த உரிமை புதிய கருவியின் எளிமையில் சுருங்கிப் போயிற்று. இதற்கு மாற்றாக வட்டார வழக்கைக் குறிப்பிட்டு அச்சிடும் முறையும் இன்று உண்டு. ஜாவாஸ்கிரிப்டில் இந்தியத் தமிழ் வழக்கு என்று குறித்தால் 12,34,567 என்றே வரும். வசதி இருக்கிறது, கேட்பார்தாம் வேண்டும்.

பைசாவைப் பற்றியும் ஒரு சொல். நூறு ரூபாயை மூவர்க்குச் சமமாகப் பிரித்தால், தாளில் மூன்று முறை 33.33 என்று வரும். கீழே மொத்தம் 100.00 என்று நிற்கும். ஆனால் கூட்டிப் பார்ப்பவர்க்கு 99.99 தான் கிடைக்கும். அவர் ஐயுறுவது பொருளாளரை! பொறிக்குள் இருக்கும் எண்ணை இரண்டு இலக்கமாகச் சுருக்கிக் காட்டுவதால் வரும் வினை இது. எஞ்சிய ஒரு பைசாவை எவர் பங்கில் சேர்ப்பது என்பதை அச்சிடுமுன் தீர்மானிக்க வேண்டும். மற்றொன்று: பைதானில் 2.675 என்னும் எண்ணை இரண்டு இலக்கமாக அச்சிட்டால், நாம் எதிர்பார்க்கும் 2.68 வராது; 2.67 வரும். இரண்டடிமான முறையில் எண்களைக் காக்கும் பொறி, 2.675 என்பதைச் சற்றே குறைவாகத்தான் வைத்திருக்க இயலும். ஆகவே பணக் கணக்கை முழுப் பைசாக்களாக வைத்துக்கொண்டு, அச்சிடும்போது மட்டும் புள்ளி வைப்பது அறிவுடைமை.

பெயரை வெட்டலாமா?

எண்ணைச் சொன்னேன், இனி எழுத்து. சொல்லுக்கு இத்தனை இடந்தான் என்று உச்ச அளவு குறித்தால், சி மொழி எஞ்சியதை ஓசையின்றி வெட்டிவிடும். எண்ணை வெட்ட மறுத்த அதே மொழி, பெயரை வெட்டக் கூசுவதில்லை. வேங்கடசுப்பிரமணியன் என்னும் பெயரை ஆங்கில எழுத்தில் எழுதினால் 18 எழுத்து. பத்து இடமே உள்ள பட்டியலில் ‘வேங்கடசுப்’ என்ற அளவில் பெயர் முடிந்துவிடும். வேங்கடவன் தங்கினான், முருகன் வெளியேறினான்! ஊர்விட்டு ஊர் வந்து வாழும் நாம் இவ்வாறு வெட்டுண்ட பெயர்களை எத்தனை பட்டியல்களில் கண்டிருக்கிறோம். ஓரிடத்தில் முழுப்பெயர், மற்றோரிடத்தில் அரைப்பெயர் என்றால், இரண்டும் ஒருவரே என்று மெய்ப்பிக்கும் சுமை பெயருக்குரியவர் தலையில் விழுகிறது.

யாப்பில் ஓசைக்காகச் சொல்லைப் பொருள் நோக்காது பிளப்பதை வகையுளி என்பர். அங்கே பிளந்த சொல்லின் இரு பாதியும் அடுத்தடுத்த சீர்களில் இருக்கும்; கற்றவர் கூட்டிப் பொருள் கொள்வர். பட்டியலில் வெட்டுண்ட பாதியோ எங்கும் இல்லை.

தமிழ் எழுத்திலேயே அச்சிட்டால் சிக்கல் தீருமா? இங்கேதான் எழுத்து என்பது யாது என்னும் கேள்வி எழுகிறது. அதே பெயரை நாம் எண்ணினால் 12 எழுத்து. ஒற்றை நீக்கி எண்ணும் யாப்பு முறையில் 9. ஒருங்குறி முறையிலோ, ‘வே’ என்பது வகரம் ஒரு குறி, ஏகாரத்தின் அடையாளம் ஒரு குறி என இரண்டு. மெய்யும் புள்ளியும் இரண்டு. அவ்வகையில் பெயர் 19 குறியாகிறது. அக்குறிகளைச் சேமிக்கும் யு.டி.எஃப்.-8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறிக்கும் மூன்று பைட்டு வேண்டும், ஆக 57. பத்து இடம் என்று சி மொழியிடம் சொன்னால் அது பத்து பைட்டை எண்ணும். மூன்று குறியும், நான்காவதன் உடைந்த துண்டும் கிடைக்கும். திரையில் ‘வேங’ என்று தோன்றி, அதன்பின் ஒரு கேள்விக்குறியோ வெறுங்கட்டமோ நிற்கும்.

தமிழ் என்னும் நம் மொழியின் பெயரையே எடுத்துக்கொள்ளுங்கள். அதன் நீளம் யாது என்று சி மொழியைக் கேட்டால் 15 என்னும். பைதானைக் கேட்டால் 5 என்னும். 2014-இல் வந்த ஸ்விஃப்ட் மொழியைக் கேட்டால் 3 என்னும். மூன்றாம் விடையே, பள்ளியிற் சேர்ந்த நம் குழந்தை சொல்லும் விடை. ஆகவே எழுத்தை எழுத்தாக எண்ணும் முறை இல்லாததன்று; அதைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

சரியாக எண்ணினாலும் மற்றொரு தடை உண்டு. பழைய அச்சுப்பொறியில் எல்லா எழுத்திற்கும் ஒரே அகலம். தமிழில் ‘ர’ எங்கே, ‘ணை’ எங்கே? வெற்றிடங்களை நிரப்பிப் பத்தியை நேராக்கும் பழைய முறை நம் எழுத்துக்குப் பொருந்தாது. ஒவ்வொரு பத்தியும் தொடங்கும் இடத்தையே நிலையாக வகுத்துவிடும் அட்டவணை முறையைக் கையாண்டால் பெயர் நீண்டாலும் பத்தி கோணாது. விரிதாளிலும் இணையப் பக்கத்திலும் இம்முறை கைக்கெட்டும் தொலைவிலேயே உள்ளது.

இளைஞர்களுக்கு

இக்கூட்டத்தில் நிரல் எழுதும் தொழிலில் இருக்கும் இளைஞர்கள் இருக்கின்றனர். நாளை அத்தொழிலுக்குச் செல்லும் மாணவ மாணவியரும் இருக்கின்றனர். அவர்களிடம் மூன்று வேண்டுகோள்கள் வைக்கிறேன்.

ஒன்று: கட்டத்தை வகுக்குமுன், அதிற் புகப்போகும் மிகப் பெரிய தொகையையும் மிக நீண்ட பெயரையும் எண்ணிப் பாருங்கள். இன்றைய இலட்சம் நாளைய கோடி. உங்கள் நண்பர் பெயர் அடங்குவது போதாது. அவர் பாட்டனார் பெயரும் அடங்க வேண்டும்.

இரண்டு: அடங்காதபோது ஓசையின்றி வெட்டாதீர்கள். பத்தி கோணினும் கோணுக; அல்லது அடங்கவில்லை என்று குறி காட்டுக.

மூன்று: நீங்கள் எழுதும் நிரலைத் தமிழ்ப் பெயர் ஒன்றைக் கொண்டும், இலட்சக் கணக்கு ஒன்றைக் கொண்டும் சோதித்த பின்னரே பிறர் கையில் கொடுங்கள். அதற்குச் செல்வது ஐந்து நிமிடம். அதைச் செய்யாவிடில், ஒருவர் தம் பெயரைத் திருத்த எத்தனை நாள் எத்தனை படி ஏறி இறங்க வேண்டும் என்பதைப் பெரியோர் அறிவர்.

நம் பொறுப்பும் ஒன்று உண்டு. நம் சங்கத்தின் உறுப்பினர் பட்டியல் இன்று கணிப்பொறியிலேயே தயாராகிறது. அதில் ஒருவர் பெயரும் குறையாமல், தமிழெழுத்தில், பத்தி நேராக, தொகை நம் வழக்கப்படி காற்புள்ளியுடன் வெளிவருமாறு செய்ய இவ்வூர் இளைஞர் இருவர் ஒரு விடுமுறை நாளை ஒதுக்கினால் போதும். அவ்வாறு வரும் பட்டியலைக் கையில் எடுக்கும் முதியவர் ஒருவர், தம் பெயர் முழுமையாக நிற்பதைக் கண்டு மகிழ்வார். அதைவிட இத்தொழிலுக்குச் சிறந்த நற்சான்று வேறில்லை.